பெரிய குதிரைக்கு ஈயத்தகடு பாரம்! பந்தயத்துக்கு கணக்கு போட்ட கப்பல் கேப்டன்

உசிலம்பட்டி: மதுரை, உசிலம்பட்டி பக்கம் மாட்டுவண்டி பந்தயம் என்றால் பெரிய மாடு, சின்ன மாடு என்று தனித்தனியாத்தான் விடுவாங்க. குதிரைப் பந்தயத்தில் பெருசும் சிறுசும் சேர்ந்தே ஓடலாம். ஆனால் பெருசுக்கு கூடுதல் பாரம். ஜாக்கி எடை பத்தாவிட்டால் சேணத்தில் ஈயத்தகடு சொருகுவார்கள். எந்த வயசுக்கு எவ்வளவு பாரம் என்று அட்டவணை போட்டவர் ஹென்றி ஜான் ரவுஸ்.

1795-ல் இங்கிலாந்து பிரபு வீட்டில் பிறந்தவர். கடற்படை கேப்டன். 1835-ல் கனடா பக்கம் பாறையில் மோதிய கப்பலை, சுக்கான் போன பிறகும் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஊர் கொண்டு வந்து சேர்த்த கில்லாடி. அப்புறம் எந்நேரமும் குதிரைதான்.

அவரை ஊரே பேச வைத்தது 1851 மே மாதம் யார்க் நகரில் நடந்த ஒத்தைக்கு ஒத்தை பந்தயம். முந்தைய ஆண்டு 'பிளையிங் டச்மேன்' என்ற 4 வயது குதிரை, 'வோல்டிஜர்' என்ற 3 வயது குதிரையிடம் தோற்றது. டச்மேன் வாழ்நாளில் தோற்றது அந்த ஒருமுறைதான். அன்று அதற்கு 19 பவுண்டு கூடுதல் பாரம். அதன் ஜாக்கி போதையில் இருந்ததாகச் சொல்வது தனிக்கதை!

மறுபந்தயத்துக்கு பாரம் சொல்ல ரவுசைக் கூப்பிட்டார்கள். சின்னதுக்கும் ஒரு வயசு கூடிப்போச்சு, பலமும் ஏறியிருக்கும். எனவே எட்டரை பவுண்டு போதும் என்று தீர்ப்பு சொன்னார். டச்மேன் ஒரு குதிரை நீளத்தில் ஜெயித்தது.

1855-ல் பாரம் நிர்ணயிக்கும் பொறுப்பே அவரிடம் வந்தது. 1877-ல் லண்டனில் காலமானார். அவர் போட்ட வயசுக் கணக்கு, சில திருத்தங்களோடு, இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது.