நண்டினம் ஆய்ந்த நங்கை

கழிமுகத்துச் சேற்றில் வாழும் சிறு நண்டு ஒன்றுண்டு. அதன் ஆணுக்கு ஒரு கொடுக்கு மிகச் சிறியது. மற்றொன்றோ உடலையே மறைக்கும் அளவு பெரியது. சிறு கொடுக்கால் சேற்றை அள்ளி வாய்க்குக் கொண்டு செல்லுங்கால், பிடிலின்மேல் வில்லை இழுப்பது போலத் தோன்றும். அதனால் அது பிடில் நண்டு எனப் பெயர் பெற்றது. இவ்வினத்துள் நூறு வகைகள் வரை உள. அவற்றிடை வேற்றுமை காண்டல் கற்றோர்க்கும் எளிதன்று. அவ்வரிய பணியில் தலைப்பட்டவருள் ஒருவர் மேரி ஜேன் ராத்பன் என்னும் அமெரிக்க அம்மையார்.

இவர் 1860-ஆம் ஆண்டு பபலோ நகரில் பிறந்தார். குழவிப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர். 1881-இல் தமையனார் ரிச்சர்டுடன் உட்ஸ் ஹோல் என்னும் கடற்கரையூருக்குச் சென்றபோதுதான் கடலை முதன்முதற் கண்டார். தமையனார் திரட்டிய கடலுயிர்களை வகைபிரித்துப் பெயர்ச்சீட்டு எழுதினார். சில ஆண்டுகள் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைத்தபின், எழுத்தர் வேலை கிடைத்தது. வாஷிங்டனிலுள்ள தேசிய அருங்காட்சியகமே பின்னர் அவர்தம் வாழ்விடம் போலாயிற்று.

இறந்த நண்டைச் சாராயத்தில் இட்டு வைத்தால் நாளடைவில் நிறம் மங்கும். பெண் நண்டுக்கோ இரு கொடுக்கும் சிறியன. ஆகவே நிறத்தையும் பெருங்கொடுக்கையும் மட்டும் நம்பி வகையைத் துணிதல் இயலாது. கண்காம்புகளின் இடையே நெற்றி எத்துணை அகலமுடையது, ஓட்டின் விளிம்பு எவ்வாறு வளைந்தது, கொடுக்கின் உட்புறத்து மணிமணியான மேடுகள் எவ்வரிசையில் அமைந்தன என்றெல்லாம் உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு நோக்குதல் வேண்டும். 1899-இல் பிரேசில் சென்ற ஆய்வுக்குழுவினர் கொணர்ந்த நண்டுகளை அம்மையார் ஆராய்ந்தார். அவற்றுள் அதுகாறும் பெயர் பெறாத பிடில் நண்டு ஒன்றை 1900-இல் 'ஊக்கா தாயெரி' எனப் பெயரிட்டு வெளியிட்டார். அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழும் அந்நண்டு, தன் வளைவாயிலில் புகைபோக்கி போன்ற சேற்றுக் கூண்டு எழுப்பும் இயல்புடையது. பிற்காலத்து அறிஞர் அதனை வேறு பேரினத்தில் வைத்தனர். எனினும் 'தாயெரி' என்னும் பெயர் நிலைத்துள்ளது.

வேலை பெருகியது. துணைவர் ஒருவர் இன்றியமையாதவராயினார். அவருக்குக் கொடுக்கப் பொருளில்லை. அம்மையார் என் செய்தார்? தம் ஊதியம் வால்டோ ஷ்மிட் என்னும் இளைஞருக்குச் செல்லுமாறு 1914-ஆம் ஆண்டின் இறுதியில் பதவியைத் துறந்தார். பதவியை விட்டாரேயன்றி மேசையை விட்டாரல்லர்! ஊதியம் பெறாமலே அருங்காட்சியகத்திற்கு வந்து நண்டுகளை ஆராய்ந்தார். 1917-இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் அவரை அடைந்தது. பிடில் நண்டுகளையும் விரித்துரைக்கும் அவர்தம் பெருநூல் 1918-இல் வெளிவந்தது. அவர் புதியனவாகக் கண்டு பெயரிட்ட உயிர்வகைகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டன.

1943-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் வாஷிங்டனில் காலமானார். நண்டின ஆராய்ச்சி தொடர்ந்து நடைபெறும்பொருட்டு, ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்குப் பதினாயிரம் டாலரை எழுதிவைத்திருந்தார்.