நாடக மேடையில் விசுவநாததாசர்

எழுமலையினின்று கிழக்கே சென்றால் திருமங்கலத்தை அடையலாம். அவ்வூர் வழியே மதுரைக்குச் செல்வோர் பலர். அங்கே நாடகப் பாடகர் ஒருவர் வாழ்ந்த வீடு அரசாங்கத்தாரால் நினைவில்லமாகப் போற்றப்படுவதை அறிந்தோர் சிலரே. அப்பாடகரே விசுவநாததாசர்.

இவர் 1886-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் சிவகாசியில், நாவிதத் தொழில் புரியும் மருத்துவர் குலத்தில் தோன்றினார். இளமையிலேயே இசையில் நாட்டங்கொண்டு நாடக மேடை புகுந்தார். அக்காலத்தே மதுரை, நாடகத்தின் தலைநகராய் விளங்கிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தம் பாலர் சபையை நிறுவியதும் அந்நகரிலேதான்.

ஸ்பெஷல் நாடகம் என்பதன் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒரே கம்பெனியிற் கூடி வாழ்வோர் நடிப்பதன்று அது. இராஜபார்ட் ஓரூரினின்று வருவார். ஸ்திரீபார்ட் வேறோரூரினின்று வருவார். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அன்றிரவே வந்து சேர்வர். ஒத்திகை கிடையாது. கதையும் பாடல்களும் எல்லார்க்கும் மனப்பாடம்; இடையே நிகழும் தர்க்கமோ அவரவர் நாவன்மை. நியூயார்க் நகரத்துக் கறுப்பின இளைஞர் 1970-களில் தோற்றுவித்த ஹிப்-ஹாப் பாட்டிலும், அதற்கு மூத்த ஜாஸ் இசையிலும், மேடையில் நின்றபடியே புதியது புனையும் ஆற்றலை உலகம் வியக்கின்றது. நம் நாடகத்தார்க்கு அது நாட்பழக்கம்.

இப்பழக்கத்தையே தாசர் படைக்கலமாக்கிக் கொண்டார். வள்ளி திருமணத்தில் அவர் முருகவேடம் பூண்பார். வள்ளி தினைப்புனங் காத்துப் பறவை ஓட்டும் காட்சி வந்ததும், வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டொன்று எழும். எந்தக் கொக்கு என்பதைக் கொட்டகையிலுள்ள சிறுபிள்ளையும் அறியும். ஓரத்தில் நிற்கும் போலீசாரும் அறிவர். 1919-இல் ஜாலியன்வாலா பாக்கில் நிகழ்ந்த படுகொலையும் அவர் வாயிற் பாட்டாயிற்று. மதுரகவி பாஸ்கரதாசர் இயற்றிய தேசியப் பாடல்கள் இவர் குரலால் ஊர்தோறும் பரவின. முருகக் கடவுளுக்கும் கதராடையே உடுத்தி மேடையேறினார் என்றால், அவர் துணிவை என்னென்பது!

1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் ஆள்வோர் கையில் இருந்தது. எனினும் கதையில் இல்லாத பாட்டை முன்னரே தடுப்பது எங்ஙனம்? பாடிய பின்னரே பிடித்தல் இயலும். அவ்வாறே பன்முறை பிடித்தனர். இருபத்தொன்பது முறை சிறைப்பட்டார் என்பர். ஒரு வழக்கில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களே அவர்பொருட்டு வாதாடினார் என்றும் கூறுவர்.

அரசாங்கத்தின் பகை ஒருபுறமிருக்க, உடன் நடிப்போரின் பகை அதனினுங் கொடிது என்பது நம் கருத்து. மேடையில் முருகனாய் நின்றவரைக் கைகூப்பிய ஊரிலேயே, நாவிதர் குலத்தவர் என்று அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். வள்ளியில்லாமல் வள்ளி திருமணம் நடப்பதெங்ஙனம்? மதுரைக் கே. பி. ஜானகியம்மாள் அத்தடையைப் பொருட்படுத்தாது அவருடன் நடித்தார். பின்னர் 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியினின்று சட்டமன்றம் புகுந்த அம்மையார் இவரே.

சிறைவாசத்தால் நாடகங்கள் நின்றன, வருவாய் குறைந்தது, திருமங்கலத்து வீடு கடனில் மூழ்கிற்று. ஆங்கில அரசை எதிர்த்துப் பாடுவதை விட்டால் அக்கடனைத் தீர்த்து வைப்பதாகக் கவர்னர் சொல்லியனுப்பினார் என்றும், தாசர் மறுத்துவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. வீட்டில் மனைவி மக்கள் உடையார்க்கு அம்மறுப்பு எளிதாயிருந்திராது. கடன் நீங்கவில்லை, பாட்டும் நிற்கவில்லை.

1940-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ஆம் நாள் இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். திரை உயர்ந்தது. முருகவேடத்தில் மயிலாசனத்தின்மேல் வீற்றிருந்த தாசர் பாடத் தொடங்கினார். பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் பிரிந்தது. அப்போது அவர்க்கு வயது ஐம்பத்துநான்கு. வேடங் களையாமலே, மயில்மேல் அமர்ந்த கோலத்திலேயே அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றனர் என்பர்.