எச். ஜி. வெல்ஸ்

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் (செப்டம்பர் 21, 1866 – ஆகஸ்ட் 13, 1946) ஓர் ஆங்கில எழுத்தாளர் ஆவார். எச். ஜி. வெல்ஸ் என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். புதினம், சிறுகதை, வரலாறு, அரசியல் எனப் பல துறைகளில் எழுதியவர் எனினும், அறிபுனை எனப்படும் அறிவியல் புனைகதையின் முன்னோடிகளுள் ஒருவராகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியின் மீது படையெடுப்பதைக் கூறும் இவரது உலகங்களின் போர் (1898), பின்னாளில் வெளிவந்த எண்ணற்ற வேற்றுக்கிரகவாசிக் கதைகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது.

இளமை

வெல்ஸ் இங்கிலாந்தில் அப்போது கென்ட் பகுதியிலிருந்த புரோம்லி நகரில் பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ் பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் பொருட்களும் விற்கும் சிறு கடை ஒன்றை நடத்தினார். அவர் கென்ட் அணியின் பந்து வீச்சாளராகவும் விளங்கினார்; 1862 இல் சசெக்ஸ் அணிக்கு எதிராக அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தியவர். கடை வருமானம் போதாத நிலையில் இவ்விளையாட்டே குடும்பத்தைத் தாங்கியது. 1877 இல் தந்தையின் தொடை எலும்பு முறிந்தபோது அதுவும் நின்றது. தாயார் சாரா ஒரு பெரிய மாளிகையில் பணியாளர்களை மேற்பார்வையிடும் வேலைக்குச் சென்றார். வெல்ஸ் துணிக்கடையில் பயிற்சிப் பணியாளராகச் சேர்க்கப்பட்டார்.

நீண்ட வேலை நேரமும் பணியாளர் விடுதி வாழ்க்கையும் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. 1883 இல் கடையை விட்டு விலகி, மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் படித்துக்கொண்டே கற்பிக்கும் மாணவ ஆசிரியரானார். அடுத்த ஆண்டே உதவித்தொகை பெற்று லண்டனில் அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு டார்வினின் கொள்கைக்காக வாதாடிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பரிணாமக் கொள்கையை ஹக்ஸ்லியிடம் கற்ற அந்த ஓராண்டே வெல்சின் பிற்கால எழுத்துகள் அனைத்திற்கும் அடித்தளம் எனலாம். எனினும் இறுதித் தேர்வில் தோல்வியுற்று, 1890 இல்தான் லண்டன் பல்கலைக்கழகத்தின் இளம் அறிவியல் பட்டத்தைப் பெற்றார்.

உலகங்களின் போர்

முதல் புதினமான கால இயந்திரம் 1895 இல் வெளிவந்து புகழ் தேடித் தந்தது. அவ்வாண்டு இரண்டாம் மனைவி கேத்தரினுடன் லண்டனுக்குத் தென்மேற்கேயுள்ள வோக்கிங் நகரில் குடியேறினார். மிதிவண்டியில் அச்சுற்றுப்புறம் முழுவதும் சுற்றி, செவ்வாய்வாசிகள் எவ்விடங்களை அழிக்க வேண்டும் எனக் குறித்துக்கொண்டார். கதையில் முதல் விண்கலம் விழும் ஹார்செல் திடல் வோக்கிங்கிற்கு அருகிலேயே உள்ளது.

கதைக்கான பொறி அவருடைய அண்ணன் பிராங்கிடமிருந்து வந்தது. நூலும் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. வேற்றுக்கிரகத்தவர் திடீரென வானிலிருந்து இறங்கினால் என்னவாகும் என்பதே அது. வெல்ஸ் அதனைப் பேரரசு பற்றிய கேள்வியாக மாற்றினார். ஐரோப்பியர் டாஸ்மேனியப் பழங்குடிகளை எவ்வாறு நடத்தினரோ அவ்வாறே செவ்வாய்வாசிகள் ஆங்கிலேயரை நடத்துகின்றனர் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சுட்டுகிறார். (அம்மக்கள் முற்றிலும் அழிந்தனர் என்று அக்காலத்தில் நம்பப்பட்டது, அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.) உலகின் மாபெரும் பேரரசின் தலைநகர மக்கள் கால்நடைகளைப் போல ஓடும் காட்சிகள் அன்றைய வாசகரைத் துணுக்குறச் செய்திருக்கும்.

மூன்று கால் இயந்திரங்களின் வெப்பக் கதிருக்கும் கரும்புகைக்கும் முன் பீரங்கிகள் பயனற்றுப் போகின்றன. ஒரு போர்க்கப்பல் தன்னை அழித்துக்கொண்டு இரு இயந்திரங்களை வீழ்த்துவதே மனிதரின் பெரிய வெற்றி. இறுதியில் பூமியைக் காப்பது எந்த வீரனும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். எண்ணற்ற தலைமுறைகளின் மரணத்தால் மனித இனம் பெற்ற நோய் எதிர்ப்பாற்றல் வந்தேறிகளுக்கு இல்லை. வேறொரு கிரகத்தில் பரிணமித்த உயிரைப் பூமியின் நுண்ணுயிர் தாக்க இயலுமா என்பது ஐயத்திற்குரியது. ஆயினும் கதையின் வலிமை இம்முடிவில்தான் உள்ளது: மனிதர் பிழைத்தது தம் திறமையால் அல்ல. 1996 இல் வெளிவந்த இன்டிபெண்டன்ஸ் டே திரைப்படம் பாக்டீரியாவுக்குப் பதிலாகக் கணினி நச்சுநிரலை வைத்தது. ஆனால் அங்கு அதை ஏவுவது மனிதனே.

ஏவூர்தி இயலின் முன்னோடி இராபர்ட் கோடார்ட் பதின்ம வயதில் இப்புதினத்தைப் படித்தே விண்வெளிப் பயணத்தில் ஆர்வம் கொண்டார். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் (உறவினர் அல்லர்) அமெரிக்க வானொலியில் இதனைச் செய்தி அறிவிப்பு போல நாடகமாக்கினார். நாடு முழுவதும் பீதி பரவியதாக நாளிதழ்கள் எழுதியது பெரும்பாலும் மிகை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

அணுகுண்டும் உலக அரசும்

பூமிக்கு உண்மையான ஆபத்து மனிதரிடமிருந்தே வரும் என்ற எண்ணம் வெல்சிடம் வலுத்தது. 1914 இல் வெளியான விடுதலை பெற்ற உலகம் என்னும் புதினத்தில் வானூர்தியிலிருந்து கையால் வீசப்படும் அணுகுண்டுகளைக் கற்பனை செய்தார். அணுகுண்டு என்ற சொல்லையும் அதில் பயன்படுத்தினார். இயற்பியலாளர் லியோ சிலார்டு 1932 இல் இந்நூலைப் படித்தார். மறு ஆண்டு அணுக்கருத் தொடர்வினைக் கருத்தை அடைந்தார்.

நாடுகள் ஒழிந்து ஒரே உலக அரசு அமைவதே தீர்வு என வெல்ஸ் வாதிட்டார். இதற்காகவே 1920 இல் உலக வரலாற்றுச் சுருக்கம் எழுதினார். லெனின், ஸ்டாலின், ரூஸ்வெல்ட் ஆகியோரை நேரில் சந்தித்தார். 1938 இல் வெளியான உலக மூளை நூலில், உலகின் அறிவனைத்தையும் திரட்டி, இடைவிடாது புதுப்பித்து, எவரும் அணுகத்தக்கதாக வைக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தை முன்மொழிந்தார். இணையக் கலைக்களஞ்சியங்களின் முன்னறிவிப்பாக இது அடிக்கடி சுட்டப்படுகிறது.

அவருடைய கருத்துகள் அனைத்தும் ஏற்கத்தக்கன அல்ல. 1901 இல் எழுதிய முன்னறிவிப்புகள் நூலில், புதிய உலகின் திறனுக்கு ஈடுகொடுக்க இயலாத இனங்கள் மறைந்தே ஆகவேண்டும் என்ற பொருள்பட எழுதினார். டாஸ்மேனியருக்காக வருந்தியவர் மூன்றே ஆண்டுகளில் இவ்வாறு எழுதியது கடும் கண்டனத்திற்கு உரியது. பிற்காலத்தில் இதிலிருந்து வெகுவாக விலகினார். 1940 இல் மனித உரிமைகளுக்கான சாசனம் ஒன்றை உருவாக்குவதில் முன்னின்றார். அது ஐக்கிய நாடுகளின் 1948 ஆம் ஆண்டு சாற்றுரைக்கு முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இறுதிக் காலம்

நீரிழிவு நோயாளியான வெல்ஸ், 1934 இல் இங்கிலாந்தில் நீரிழிவு நோயாளர் சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்கு உள்ளான லண்டனை விட்டு வெளியேற மறுத்தார். 1945 இல் வெளிவந்த கடைசி நூல்களுள் ஒன்றில் மனித இனத்தின் எதிர்காலம் குறித்து முற்றிலும் நம்பிக்கையிழந்து எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீசப்பட்டன. மறு ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் தம் இல்லத்தில் காலமானார். அவரது சாம்பல் கடலில் தூவப்பட்டது.

வோக்கிங் நகரில் 1998 இல் செவ்வாய்வாசிகளின் மூன்று கால் இயந்திரத்திற்கு ஏறத்தாழ 7 மீட்டர் உயரச் சிற்பம் நிறுவப்பட்டது. செவ்வாய்க் கிரகத்திலுள்ள பள்ளம் ஒன்றிற்கும் வெல்சின் பெயர் இடப்பட்டுள்ளது.