சமநிலை தேடிய ஆட்டக்காரர்

ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1938ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் பிறந்த கேரி கைகாக்ஸ், விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். தந்தையார் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த வயலின் கலைஞர். பள்ளிப் படிப்பை இடையிலே கைவிட்ட மைந்தரோ அற்புதக் கதைகளிலும் போர் விளையாட்டுக்களிலும் மனத்தைப் பறிகொடுத்தார். காப்புறுதி நிறுவனமொன்றில் பார்த்துவந்த உத்தியோகத்தை 1970இல் இழந்தபின், சப்பாத்துச் செப்பனிட்டுக் குடும்பத்தைக் காத்தார்.

அவ்வறுமைக் காலத்திலேதான், 1972இல் டேவ் ஆர்னெசன் ஆடிக்காட்டிய புதுமுறை அவரைக் கவர்ந்தது. இருவரும் சேர்ந்து ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ 1974இல் ஆயிரம் பிரதிகளாக வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்வோர் தம்மை வீரராகவோ மந்திரவாதியாகவோ பாவிப்பர். நடுவர் கதையை நடத்துவார். ஐயமானவற்றைப் பகடைக்காய்கள் தீர்க்கும்.

ஆடுவோர் மனிதராக மட்டுமன்றிக் குள்ளராகவும், எல்வ் எனும் கற்பனை இனத்தவராகவும் வேடம் பூணலாம். குள்ளர் மந்திரத்துக்கு எளிதில் மசியார். எல்வ் இனத்தவர் வாளும் மந்திரமும் ஒருங்கே கற்பர். சிறப்பாற்றல் ஏதுமற்ற மனிதனை யார் விரும்புவர்? தம் கற்பனையுலகில் மனிதரே மேலோங்க வேண்டுமென எண்ணிய கைகாக்ஸ், ஏனையோரின் வளர்ச்சிக்கு வரம்பு கட்டினார். குள்ள வீரன் ஆறாம் படியுடன் நின்றுவிடுவான், மனிதனுக்கோ எல்லையில்லை.

ஆயினும் இவ்வேற்பாட்டில் ஒரு குறை இருந்தது. சில மாதங்களில் முடியும் ஆட்டத்தில் வரம்பு எவரையும் தொடாது. சிறப்பாற்றல் இலவசமாகவே கிடைக்கும். நெடுங்காலம் ஆடுவோனோ, தோழர் முன்னேறத் தான் நின்ற இடத்திலே நிற்பான். 2000ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பு அவ்வரம்புகளை அகற்றி, மனிதனுக்கும் மேலதிகத் திறன்களை வழங்கியது.

மேசைமீது சமநிலை தேடியவர் வாழ்விலே அதனை எளிதிற் காணவில்லை. உரிமைப்பணம் குறித்து ஆர்னெசன் 1979இல் தொடுத்த வழக்கு 1981இலேயே இணக்கமாயிற்று. தாம் நிறுவிய கம்பனியின் ஆட்சியையும் 1985இல் அவர் இழந்தார். 2008 மார்ச் 4ஆம் நாள் லேக் ஜெனீவாவில் மறைந்தார்.

வல்லவனைத் தடுத்து நிறுத்துவதா, எளியவனுக்கு ஒரு வலிமையை ஈவதா? கைகாக்ஸ் முன்னதைத் தேர்ந்தார். பின்வந்தோர் பின்னதைத் தேர்ந்தனர். விளையாட்டாக எழுந்த அவ்வினா வகுப்பறைக்கும் பொருந்துவதன்றோ?