வெறுங்காலால் உலகை வென்ற அபேபே பிகிலா

மாணவர்களே, மரதன் ஓட்டம் என்றதும் உங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னதாக விடியற்காலையில் வீதியோரமாக ஓடும் ஓட்டந்தான் உங்கள் நினைவுக்கு வரும். அதனையும் நாம் மரதன் என்றே அழைக்கிறோம். ஆனால் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர் ஆகும். விடை எழுதும்போது 42 என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கடைசி 195 மீற்றரையும் ஓடி முடித்தால்தான் பதக்கம்! இந்தத் தூரத்தை ஒலிம்பிக்கில் அடுத்தடுத்து இரண்டு தடவைகள் வென்ற முதல் மனிதர் எதியோப்பியாவைச் சேர்ந்த அபேபே பிகிலா. நாற்பத்தொரு வயதிலேயே மறைந்துபோன அவரது வாழ்க்கையை இங்கு பார்ப்போம்.

முதலில் பெயரைக் கவனியுங்கள். அபேபே என்பது அவரது சொந்தப் பெயர், பிகிலா என்பது தந்தையின் பெயர். நம்மைப் போலவே எதியோப்பியரிடத்தும் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. வெளிநாட்டுப் பதிவுகள் சிலவற்றில் இப்பெயர் முன்பின்னாக மாறிக் கிடப்பதற்கு இதுவே காரணம். இரண்டும் ஒருவரையே குறிக்கும்.

அபேபே 1932ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் திகதி ஜாட்டோ என்னும் மலைநாட்டுக் கிராமத்தில் பிறந்தார். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவ்வருட ஒலிம்பிக்கின் மரதன் ஓட்டம் நடைபெற்றதும் அதே நாளில்தான். அவரது குடும்பம் கால்நடை மேய்க்கும் எளிய குடும்பம். அவருக்கு மூன்று வயதாக இருந்தபோது, 1935இல், முசோலினியின் இத்தாலியப் படைகள் எதியோப்பியாவின் மீது படையெடுத்தன. அடுத்த ஆண்டு தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. பேரரசர் ஹைலி செலாசி நாட்டைவிட்டு வெளியேறி 1941இலேயே திரும்ப முடிந்தது. வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போரைப் படிக்கும்போது முசோலினியின் பெயரைச் சந்திப்பீர்கள். இந்தப் படையெடுப்பை நன்றாக நினைவில் வைத்திருங்கள். பின்னால் இக்கதையில் அது மீண்டும் வரும்.

இளைஞரான அபேபே பேரரசரின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். படைவீரர்களுக்கு உடற்பயிற்சி அளிப்பதற்காக ஒன்னி நிஸ்கானன் என்ற சுவீடன் நாட்டவர் அங்கு பணியாற்றினார். அபேபேயின் ஓட்டத்தை இனங்கண்டு வளர்த்தவர் அவரே. அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீற்றருக்கும் மேலான உயரத்தில் உள்ள நகரம். அத்தகைய இடத்தில் சுவாசிக்கக் கிடைக்கும் ஒட்சிசன் குறைவு. அதற்கேற்பக் குருதியில் செங்குழியங்கள் அதிகரிக்கின்றன. அங்கே பழகியவர் தாழ்நிலத்துக்கு வந்து ஓடும்போது அது அவருக்கு அனுகூலமாகின்றது. விஞ்ஞான பாடத்துக்கும் பயன்படும் உதாரணம் இது.

1960 செப்டெம்பர் 10. உரோம் நகரில் ஒலிம்பிக் மரதன். இங்கே மாணவர் பலர் ஒரு பிழையை எழுதுவதுண்டு. சப்பாத்து வாங்க வசதியின்றி அபேபே வெறுங்காலுடன் ஓடினார் என்பதே அது. வாசிக்க உருக்கமாக இருந்தாலும் உண்மை அதுவல்ல. அவருக்குப் புதிய சப்பாத்துக் கிடைத்தது. ஆனால் அது அவரது பாதத்துக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலுடன் பயிற்சி செய்து பழகியவர் என்பதால், பொருந்தாத சப்பாத்தைவிட வெறுங்காலே மேல் என்று முடிவு செய்யப்பட்டது. ஏழ்மையைக் காட்டிலும் யோசனைக்கே இங்கு இடம் அதிகம்.

அந்த ஓட்டம் விளையாட்டரங்கில் தொடங்கவுமில்லை, அங்கு முடியவுமில்லை. வெயிலைத் தவிர்ப்பதற்காக மாலையில் கெப்பிட்டோலின் குன்றிலே தொடங்கி, இரவில் கொன்ஸ்தந்தீன் வளைவருகே முடிந்தது. பழைய அப்பியன் பாதையில் படைவீரர்கள் வரிசையாகத் தீப்பந்தங்களைப் பிடித்து வெளிச்சம் கொடுத்தார்கள். மொரோக்கோ வீரர் ராடி பென் அப்தசலாமின் மீது கண் வைத்திருக்கும்படி அபேபேக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவரது இலக்கம் 26 என்றும் சொல்லப்பட்டிருந்தது. ராடி அணிந்திருந்ததோ 185! தன்னருகே ஓடிவருபவரே தான் தேடும் ஆள் என்று தெரியாமலே அபேபே நெடுந்தூரம் அவருடன் தோளோடு தோளாக ஓடினார்.

இனித்தான் அந்தப் படையெடுப்பு நினைவுக்கு வர வேண்டும். எதியோப்பியாவின் பழம்பெரும் நகரான அக்சுமிலிருந்து, ஏறத்தாழ 24 மீற்றர் உயரமான கற்தூண் ஒன்றை 1937இல் இத்தாலியர் பெயர்த்தெடுத்து உரோமுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தனர். வெற்றிச் சின்னமாக. மரதன் ஓட்டப் பாதையின் முடிவுக்குச் சற்று முன்னர் அத்தூண் நின்றது. பாதையை முன்கூட்டியே பார்வையிட்ட அபேபேயும் நிஸ்கானனும், வேகத்தைக் கூட்ட வேண்டிய இடமாக அதனையே தெரிந்தெடுத்திருந்தார்கள். தூணை நெருங்கியதும் அபேபே முந்தினார். ராடியால் தொடர முடியவில்லை. 2 மணித்தியாலம் 15 நிமிடம் 16.2 செக்கன். அதற்கு முன்பு உலகின் மிகச் சிறந்த நேரம் சோவியத் வீரர் பொப்போவ் 1958இல் ஓடியது. அதை அபேபே முந்தியது ஒரு செக்கனுக்கும் குறைவான வித்தியாசத்தில்!

எதியோப்பியாவைப் பிடிக்க இலட்சக்கணக்கான படையினர் அனுப்பப்பட்ட அதே உரோமில், அந்நாட்டின் படைவீரர் ஒருவர் தனியாக ஓடிவந்து வென்றார். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவின் கறுப்பினத்தவர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. பதினேழு ஆபிரிக்க நாடுகள் விடுதலை பெற்றதும் அதே 1960இல்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வெற்றியின் பெறுமதி விளங்கும்.

நாடு திரும்பிய சில மாதங்களில் ஒரு சோதனை வந்தது. 1960 டிசெம்பரில் மெய்க்காவல் படை பேரரசருக்கு எதிராகப் புரட்சி செய்து தோல்வியடைந்தது. அப்படையைச் சேர்ந்தவர் என்பதால் அபேபேயும் தடுத்து வைக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். 1961இல் மூன்று மரதன்களில் வென்றார். 1963இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ஐந்தாம் இடமே கிடைத்தது.

1964இல் டோக்கியோ. போட்டிக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்னர் அவருக்குக் குடல்வளரி சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. ஓடுவாரா என்பதே சந்தேகமாயிற்று. ஒக்டோபர் 21ஆம் திகதி அவர் ஓடினார், இம்முறை சப்பாத்து அணிந்து. 2 மணித்தியாலம் 12 நிமிடம் 11.2 செக்கனில் முடித்தார். இரண்டாமவரான பிரித்தானியர் ஹீற்லி வந்து சேர மேலும் நான்கு நிமிடங்களுக்கு மேல் சென்றது. அதற்குள் அபேபே மைதானத்துப் புற்றரையில் கை கால்களை நீட்டி மடக்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். பார்த்தவர்கள் வியந்து போனார்கள். பேரரசர் அவருக்கு வோக்ஸ்வாகன் கார் ஒன்றைப் பரிசளித்தார்.

மூன்றாவது தங்கத்துக்காக 1968இல் மெக்சிக்கோ நகருக்குச் சென்றார். 2,200 மீற்றருக்கும் மேலான உயரத்திலுள்ள நகரம், அவருக்குப் பழகிய காற்று. ஆனால் காலில் காயம். 17 கிலோமீற்றர் அளவில் அவர் விலக நேர்ந்தது. அவரது சக வீரரான மாமோ வோல்டே வென்றதால் தங்கம் மூன்றாம் முறையும் எதியோப்பியாவுக்கே சென்றது. அபேபேக்கு அப்போது வயது 36. இன்னும் ஓடலாம் என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

1969 மார்ச் 22ஆம் திகதி இரவு, அவர் ஓட்டிச்சென்ற கார் கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்தது. மறுநாட் காலை வரை அதனுள்ளேயே அகப்பட்டுக் கிடந்தார். கழுத்துப் பகுதியில் முண்ணாண் பாதிக்கப்பட்டிருந்தது. சிகிச்சைக்காக இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, ஏறத்தாழ எட்டு மாதங்கள் அங்கே தங்கினார். கைகள் மெல்ல மெல்ல இயங்கத் தொடங்கின. கால்கள் இயங்கவில்லை.

பல நூல்கள் இவ்விடத்தில் கதையை விரைவாக முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்டோக் மண்டவில் சாதாரண வைத்தியசாலை அன்று. முண்ணாண் பாதிக்கப்பட்டவர்களுக்கு விளையாட்டையே சிகிச்சையாகக் கொடுத்த வைத்தியர் லுட்விக் குட்மன், 1948இல் சக்கர நாற்காலி வீரர்களுக்கான போட்டிகளைத் தொடங்கிய இடம் அது. அவரது முயற்சி வளர்ந்து, பின்னாளில் முதலாவது பராலிம்பிக் என்று கணிக்கப்பட்ட போட்டிகள் எங்கு, எப்போது நடந்தன தெரியுமா? 1960 செப்டெம்பர் 18ஆம் திகதி உரோமில் தொடங்கின. அபேபே வெறுங்காலுடன் வென்று எட்டே நாட்களில், அதே நகரில்! அந்தப் பாதையும் தன்னுடையதாகும் என்று அப்போது அவர் நினைத்திருக்க முடியாது.

1970இல் ஸ்டோக் மண்டவில் போட்டிகளில் அபேபே சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு அம்பெய்தலில் பங்குபற்றினார். மேசைப்பந்தும் விளையாடினார். 1971இல் நோர்வேயில் வலது குறைந்தோருக்கான போட்டியில் பனிச்சறுக்கு வண்டியோட்டத்தில் முதலிடம் பெற்றார். பனியே விழாத ஊர்க்காரர் அவர்! 1972இல் மியூனிக் ஒலிம்பிக்குக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டார். சக்கர நாற்காலியில் அவர் வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

1973 ஒக்டோபர் 25ஆம் திகதி மூளையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கினால் அடிஸ் அபாபாவில் அவர் காலமானார். மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். இறுதிச் சடங்கில் பேரரசருடன் பல்லாயிரக்கணக்கான மக்கள் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு பேரரசரும் பதவியிழந்தார்.

அந்தக் கற்தூண் 2005ஆம் ஆண்டு மூன்று துண்டுகளாக விமானத்தில் எதியோப்பியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டு, 2008இல் அக்சும் நகரில் மீண்டும் நிறுத்தப்பட்டது. அபேபேயின் வெற்றிக்கு ஐம்பது ஆண்டு நிறைந்த 2010இல், உரோம் நகர மரதன் அவரது நினைவாக நடத்தப்பட்டது. முன்னணியில் வந்த சிராஜ் கெனா என்ற வீரர், முடிவிடத்துக்குச் சில நூறு மீற்றர் இருக்கையில் நின்று சப்பாத்துகளைக் கழற்றினார். வெறுங்காலுடன் ஓடி முதலாவதாக முடித்தார். அவரும் எதியோப்பியரே.