அரிசிக்குள் நோயைத் தேடிய டாக்டர் மெக்காரிசன்

ஒரு காலத்தில் குடவாசல் வட்டாரத்தில் அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு நெல் அவிப்பார்கள். ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, உரலில் குத்திச் சமைப்பார்கள். தஞ்சைச் சீமையின் இந்தப் பழைய வழக்கம், மக்களை ஒரு கொடிய நோயிலிருந்து காத்து வந்தது. அந்த நோயின் பெயர் பெரிபெரி.

பெரிபெரி கண்டால் கைகால் மரத்துப் போகும். உடல் வீங்கும். இதயம் தளர்ந்து மரணமும் வரும். ஆந்திரக் கடற்கரையில், ஆலையில் வெள்ளை வெளேரெனத் தீட்டிய பச்சரிசியை உண்டவர்கள் பலரை அது வாட்டியது.

வயிறாரச் சோறு உண்பவனுக்கு ஏன் இந்த நோய்? இதற்கு விடை தேடி நீலகிரியில் உழைத்தவர்களில் முதன்மையானவர் சர் ராபர்ட் மெக்காரிசன்.

வாய்க்கால் நீரைக் குடித்தார்

மெக்காரிசன் 1878-ல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தார். வைத்தியம் படித்து, 1901-ல் இந்தியாவுக்கு ராணுவ டாக்டராக வந்தார். இமயமலைப் பக்கம் கில்கிட்டில் அவருக்கு வேலை. அங்கே பலருக்குக் கழுத்தில் கழலை இருந்தது. ஒரே வாய்க்கால் நீர் ஊர் ஊராக இறங்கி வந்தது. கீழே இருந்த ஊர்களில் கழலை அதிகம்.

அந்த நீரிலிருந்த அழுக்கை அவரும் சில தொண்டர்களும் துணிந்து குடித்தார்கள். சிலருக்குக் கழுத்து வீங்கியது. காய்ச்சிய அழுக்கைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. குடலில் சேரும் கிருமிகளே காரணம் என்று அவர் நினைத்தார். அயோடின் குறைவே முக்கிய காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆனாலும் குடலைக் கவனிக்கும் பழக்கம் அவரை விடவில்லை.

குன்னூரில் ஓர் அறை

1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கியது. தீட்டிய அரிசியையே தின்ற புறாக்கள் நோயுற்றுத் துவண்டன. கடும் சூட்டில் வைட்டமின் அழிக்கப்பட்ட அரிசியைத் தின்ற குரங்குகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. செத்த குரங்குகளை அறுத்துப் பார்த்தார். குடல் மெலிந்து புண்ணாகியிருந்தது. சத்துக் குறைந்தால் குடலின் காவல் தளர்கிறது, கிருமிகள் எளிதில் உள்ளே புகுகின்றன என்று அவர் முடிவு செய்தார்.

சர்க்கார் செலவைக் குறைத்தபோது இந்த ஆராய்ச்சியும் நின்றது. 1925-ல் மீண்டும் உயிர் பெற்றது.

எலிகள் சொன்ன தீர்ப்பு

பிறகு அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். இந்தியாவின் ஏழு வகை மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. அதைத் தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக, பாலும் காய்கறியும் குறைந்த சென்னை மாகாண உணவு கடைசி இடத்துக்கு வந்தது. அந்த எலிகள் சராசரி 155 கிராம்தான்.

அரிசி கெட்டது என்பது இதன் பொருள் அல்ல. தீட்டும்போது தவிட்டோடு சத்து போகிறது. பலமுறை களைந்து கொட்டினால் இன்னும் போகிறது. கஞ்சியை வடித்துக் கொட்டினால் மேலும் போகிறது. நெல்லை அவிக்கும்போதோ, உமி தவிட்டிலுள்ள வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. புழுங்கல் அரிசியின் ரகசியம் இதுதான்.

தவிட்டின் நார் குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கு உணவாகிறது என்றும், தவிட்டு எண்ணெய் ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்க உதவுகிறது என்றும் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

மெக்காரிசன் 1933-ல் சர் பட்டம் பெற்றார். 1935-ல் ஓய்வு பெற்றார். 1960-ல் இங்கிலாந்தில் காலமானார். அவருடைய ஆராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

வயிறு நிறைந்தால் போதாது, உடலும் நிறைய வேண்டும். அதற்குத் தவிடு முழுவதும் போகாத அரிசி வேண்டும். கூடவே கீரையும் பருப்பும் மோரும் வேண்டும். குன்னூர் எலிகள் தந்த பாடம் இது.