கதிரை அளந்த அம்மையார்

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளிக் கிழங்கின் மாவைச் சவ்வரிசியாக்கி, அகன்ற களங்களிற் பரப்பி வெயிலில் உலர்த்துவர். வெயில் கடிது, மெலிது என்று களத்தில் நிற்போர் உரைப்பர். அது எவ்வளவு என்று உடலால் உணர்ந்து கூறுதல் எவர்க்கும் இயலாது. அதனை அறியக் கருவி வேண்டும். இந்திய நாட்டின்மீது விழும் கதிரைக் கருவிகொண்டு அளப்பித்த பெருமை அன்னா மணி அம்மையாரைச் சாரும்.

அவர் 1918ஆம் ஆண்டில் திருவிதாங்கூரைச் சார்ந்த பீர்மேட்டிற் பிறந்தார். எட்டாம் பிறந்தநாளில் பெற்றோர் அளித்த வைரத்தோட்டினை ஏலாது, கலைக்களஞ்சியமே வேண்டினார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1939இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, வைரமும் மாணிக்கமும் ஒளிரும் இயல்பை ஆராய்ந்தார். அணிய மறுத்த வைரமே ஆய்வுப்பொருளாயிற்று! ஆயினும், முதுகலைப் பட்டம் இன்மையால் அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அம்மையார் மனந்தளர்ந்திலர்.

1945இல் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948இல் தாயகம் திரும்பி, இந்திய வானிலைத் துறையிற் சேர்ந்தார். அந்நாளில் வானிலைக் கருவிகள் பலவும் அயல்நாட்டினின்றே வந்தன. அம்மையார் ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே செய்ய வழிவகுத்தார்.

வளிமண்டலத்திற்கு அப்பால், ஞாயிற்றை நேர்நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1361 வாட் ஆற்றல் விழுகிறது. காற்றும் தூசியும் முகிலும் அதன் ஒரு பகுதியைக் கவர்ந்தும் சிதறடித்தும் விடுகின்றன. எஞ்சி நிலத்தை அடைவது இடந்தோறும் பருவந்தோறும் வேறுபடும். கதிரளக்கும் கருவியில், கண்ணாடிக் கவிகையின்கீழ்க் கரிய பரப்பு ஒன்று உண்டு. அது கதிரை ஏற்று வெப்பமுறும். அவ்வெப்பத்தால் சிறு மின்னழுத்தம் தோன்றும். அதனை அளப்பின் கதிரின் அளவு புலப்படும். 1957-58இல் உலக நாடுகள் கொண்டாடிய பன்னாட்டுப் புவியியற்பியல் ஆண்டில், இத்தகைய கருவிகளை அமைத்த நிலையங்களை அம்மையார் நாட்டின் பல இடங்களில் நிறுவினார். பிழையான அளவு, அளவின்மையினும் தீது என்பது அவர்தம் கொள்கை.

1976இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திலர். பல்லாண்டு திரட்டிய அளவுகளைத் தொகுத்து, 1980இலும் 1981இலும் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுப் பற்றி இரு நூல்களை வெளியிட்டார். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இயற்கை எய்தினார்.

இன்று ஊர்தோறும் கூரைகளின்மேல் சூரியத் தகடுகள் மின்சாரம் ஆக்குகின்றன. ஓரிடத்திற்கு எத்துணைத் தகடுகள் வேண்டும் எனக் கணிப்போர், அவ்விடத்துக் கதிரின் அளவையே முதலில் நோக்குகின்றனர். ஞாயிறு எல்லார்க்கும் பொது; எனினும், அளந்தறிந்தார்க்கே அதன் ஆற்றல் முழுப்பயன் அளிக்கும். பட்டத்தை நாடாது பணியை நாடிய அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.